கடைசித் தேதிக்கு அப்பால் ஒரு வீடு

பிப்ரவரி 9

என்னங்க,

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின நாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். வாக்காளராகப் பெயர் பதிய வேண்டுமானால் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே பதிந்துவிட வேண்டும் என்று நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"டீச்சர், தேர்தல் வருதுன்னு ஊர்ல பேச ஆரம்பிக்கிறதே கடைசி ரெண்டு வாரத்துலதான். எங்கப்பாவுக்கு அப்பதான் ஞாபகம் வரும். போனா மூடிட்டோம்னு சொல்றாங்க. அவரு என்ன பண்றது?"

"அடுத்த தேர்தலுக்குப் பதியலாம்" என்றேன்.

"அப்பவும் அவருக்கு அப்பதானே டீச்சர் ஞாபகம் வரும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லவேளையாக மணி அடித்தது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இன்னும் பாக்கி இருக்கிறது.

உங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சாமான் ஏற்றி வரும் லாரி எப்போது கிளம்புகிறது என்று சொல்லாமல் இவள் எதற்குக் கதை அளக்கிறாள் என்று நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. தைரியம் வரட்டும் என்றுதான் சுற்றிச் சுற்றி வந்தேன். லாரிக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காரணத்தைக் கேளுங்கள். கீழ் வீட்டு நர்ஸை உங்களுக்குத் தெரியும், போன விடுமுறையில் உங்களுக்கு ஊசி போட்டவள். அவள் மாற்றலாகி இங்கே வந்தது போன தேர்தலுக்குச் சற்று முன்னால். சாவடிக்குப் போனால் பெயர் இல்லை. "பழைய ஊர்ல போய்ப் போடுங்கன்னாங்க டீச்சர். பழைய ஊர் பஸ்ல பத்து மணி நேரம். சாயங்காலம் எனக்கு டியூட்டி" என்றாள். அவளும் நானும் எதிர் வீட்டுத் தையல்காரரும் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். கடைசித் தேதியைத் தேர்தலுக்கு நெருக்கமாகத் தள்ளி வையுங்கள். வீடு மாறியவர்களைத் தேர்தல் நாளன்று சாவடியிலேயே பதிய விடுங்கள். அவ்வளவுதான் மனு. மார்ச்சில் மாநிலத் தேர்தல் குழு இங்கே வந்து பொதுவில் கருத்துக் கேட்கப்போகிறது. இந்த ஊரில் பதிவு உள்ளவர்கள்தான் அதில் பேசலாம். முதல் கையெழுத்து என்னுடையது. வீட்டைக் காலி செய்தால் என் பெயரும் போய்விடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கையை ஏப்ரலில் மூடிவிடுகிறார்கள். அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு மே மாதம் வருகிறது. அந்தக் குழந்தைக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

போனில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுரங்கப்பாதை வாயில் நின்றால்தான் உங்களுக்கு சிக்னல் கிடைக்கிறது. கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள் என்று நீங்கள் "ம்" மட்டும் போடுவீர்கள். அந்த "ம்"மிலிருந்து சண்டை ஆரம்பிக்கும். கடிதம் என்றால் அடித்துத் திருத்தலாம்.

நேற்று மகள் பேசினாள். "நீ ரிட்டயர் ஆனப்புறமும் நீங்க ரெண்டு பேரும் லீவுக்கு லீவுதான் புருஷன் பொண்டாட்டியா?" என்றாள். சிரித்தேன். போனை வைத்த பிறகு, பாதி கட்டிய பெட்டியைத் திறந்து பாத்திரங்களை மறுபடி சமையலறையில் அடுக்கினேன்.

கூட்டம் முடிந்ததும் வந்துவிடுவேன்.

இன்னும் பழைய வீட்டிலேயே இருப்பவள்

---

பிப்ரவரி 21

டீச்சரம்மா,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். லாரி வேண்டாம் என்ற வரியை மட்டும் இன்னும் சில முறை.

குவார்ட்டர்ஸைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை, வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் மலைக்குள்ளிருந்து எடுத்துக் கொட்டிய கல் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் மேஜை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. நீ வந்தால் கத்துவாய் என்று ஜன்னல் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்த பலகைகளை இழைத்து உன் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி செய்தேன். சுரங்கத்துக் கூரையில் அடிக்கிற போல்ட்டையே சுவரில் அடித்திருக்கிறேன். மலை சரிந்தாலும் உன் புத்தகம் விழாது.

கிரேன் ஆபரேட்டர் தினமும் கேட்கிறான். "என்ன போர்மேன், வீட்டுக்காரம்மா எப்ப வர்றாங்க?"

"ஓட்டுப் போட்டுட்டு வருவாங்க."

"யாருக்காம்?"

"அதைச் சொல்ல மாட்டாங்க. எனக்கில்லேன்னு மட்டும் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உன் மனு நல்ல மனுதான். உன்னோடு வாதாட என்னால் முடியாது. ஆனால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. நான் இதுவரை ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை, உனக்கே தெரியும். ஒரு மலையை முடித்து அடுத்த மலைக்குப் போவோம். அங்கே குடியிருக்கிறோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க மாதக் கணக்காகும். அந்தக் காகிதத்தோடு போனால் பதிவு முடிந்துவிட்டது என்பார்கள். அடுத்த தேர்தலுக்குள் நாங்கள் வேறொரு மலையில் இருப்போம். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒன்றில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இன்னொன்றில் துண்டு காய்கிறது.

இதற்கு மேல் ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே, நன்றாகவே அடித்திருக்கிறேன்.

போர்மேன்

---

மார்ச் 13

என்னங்க,

தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "படுக்கும்போது" என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. போதும்.

கூட்டம் நடந்து முடிந்தது! நகரசபையின் பழைய கூடம். மேலே மின்விசிறி கடகடவென்று சத்தம் போட, முன் வரிசையைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது புதிதா என்ன, ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் குரல் எழுப்பிப் பழகியவள்.

முதலில் பதிவு அலுவலர் பேசினார். நல்ல மனிதர். நான் அவரை வில்லனாக மனதில் வரைந்து வைத்திருந்தேன், அது தப்பு. "என் ஆபீஸ்ல மொத்தம் மூணு பேர். ஒரே ஆள் ரெண்டு ஊர்ல பேர் குடுத்திருக்காங்களான்னு பாக்கணும், செத்தவங்க பேரை எடுக்கணும், அச்சுக்கு அனுப்பணும். ஒரு மாசம் எனக்குச் சும்மா வேணும்னு கேக்கலை. கடைசி நாள்ல ஆயிரம் பேர் வந்து நின்னா யாருக்கு நான் பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்கு ஆள் கூட்டிக் கொடுங்கள் என்றுதான் நான் ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

பள்ளிச் சேர்க்கை உதாரணத்தைச் சொன்னேன். நர்ஸைப் பற்றிச் சொன்னேன். குழுவின் தலைவர் பேனாவை மூடிவிட்டு, "அக்கறை இருக்கறவங்க முன்கூட்டியே பதிஞ்சிடுவாங்கம்மா. பதியாதவங்களுக்கு அக்கறை இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

அப்போது உங்களைப் பற்றிச் சொன்னேன்.

"என் கணவர் மலையைக் குடைந்து பாதை போடுகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாக்குக்கூட அவர் போட்டதில்லை. கேட்டால் எனக்கு அதில் அக்கறை இல்லை என்பார். ஆனால் ஒவ்வொரு தேர்தல் நாளிலும் காலையில் எழுந்து முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். போவதற்கு ஒரு சாவடி இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கேம்ப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கழற்றி மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவருக்கு அக்கறை இல்லை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்களா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தலைவர் பேனாவைத் திறந்தார். பின் வரிசையில் ஒரு பத்திரிகைக்காரப் பையன் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தான். நீங்கள் அங்கே இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பீர்கள்.

ஏப்ரலுக்குள் முடிவு சொல்வார்கள். லாரிக்காரரிடம் மறுபடி பேசுகிறேன்.

உங்கள் டீச்சரம்மா

---

மார்ச் 24

டீச்சரம்மா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பத்திரிகை வந்துவிட்டது. கிரேன் ஆபரேட்டர் மெஸ்ஸில் பெஞ்சு மேல் ஏறி நின்று படித்தான். "வெளுத்த சட்டை போட்டு நிக்கிற மாப்பிள்ளை யாருடா? நம்ம போர்மேன்தான்டா!" அன்றிலிருந்து நான் எந்தச் சட்டை போட்டாலும் ஒருவன் விசில் அடிக்கிறான். சமையல்காரர் சோறு போடும்போது, "அண்ணே, இன்னிக்குத் தேர்தலா?" என்கிறார்.

மேனேஜர் கூப்பிட்டார். "கம்பெனி காகிதம் குடுக்க லேட் பண்ணுதுன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களா?" என்று கேட்டார். அப்படி அவள் சொல்லவில்லை என்றேன். "நீங்க சொன்னீங்களா?" என்றார். ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும். சிரிப்பவன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சட்டை விஷயத்தை நான் உன்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. மகள் பிறந்திருந்த சமயம். விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னேன், முகம் தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். இத்தனை வருடம் தனித்தனி ஊரில் சமைத்துச் சாப்பிட்டோம். நமக்கென்று ஒரு வீடு இருந்தது என்றால், அது அந்த மாதிரி நாலு பேச்சுதான். அதில் ஒன்றை எடுத்து மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டாய்.

உன் பிள்ளைகளுக்கு நீ எதை வேண்டுமானாலும் உதாரணம் காட்டு. நான் உதாரணம் இல்லை.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். நீயும் அவசரப்பட வேண்டாம்.

---

ஏப்ரல் 2

என்னங்க,

இந்தக் கடிதத்தில் உதாரணம் எதுவும் கிடையாது. இரண்டு முறை கைக்கு வந்தது, அடித்துவிட்டேன்.

நான் செய்தது தப்பு. உங்களுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டே உங்களிடம் கேட்காமல் பேசிவிட்டேன். கூடத்தில் எல்லோரும் அமைதியானதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பாடம் புரிந்துவிட்டது என்று பிள்ளைகள் முகத்தில் தெரியுமே, அப்போது வருகிற சந்தோஷம். அந்த நேரத்தில் உங்கள் முகம் என் நினைவில் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்றுப் பதிவு அலுவலரைப் பார்க்கப் போனேன். என் பேச்சில் அந்தப் பகுதியைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எடுக்கலாம்மா. உங்க பேச்சு, உங்க உரிமை. ஆனா ஒண்ணு சொல்றேன். குழுவுல அஞ்சு பேர். ரெண்டு பேர் வேணும்ங்கறாங்க, ரெண்டு பேர் வேண்டாம்ங்கறாங்க. தலைவரு மட்டும் அந்தச் சட்டையைப் பத்தி ரெண்டு தடவை எங்கிட்ட கேட்டுட்டாரு. நிஜமா அப்படி ஒருத்தர் இருக்காரான்னு. அதை எடுத்துட்டா அவரு எந்தப் பக்கம் போவாருன்னு தெரியாது."

"அது என்னுடையது இல்லைங்க. அவரைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

"அப்ப கேட்டுச் சொல்லுங்க. பத்தொன்பதாம் தேதி கூடுறாங்க."

அதனால் கேட்கிறேன். எடுக்கச் சொன்னால் மறுநாளே போய் எடுத்துவிடுவேன். மனு தோற்றால் தோற்கட்டும். நர்ஸிடமும் தையல்காரரிடமும் சொல்லிவிட்டேன். தையல்காரர், "போட்டவருக்குத்தான் சட்டை சொந்தம், டீச்சர்" என்றார்.

இன்னொன்று. லாரியைப் பேசி முடித்துவிட்டேன், நீங்கள் சொன்னதும் கிளம்பலாம். வீட்டுக்காரர் என்றைக்குக் காலி என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே இங்கே என் பெயரை எடுத்துவிடுவார்கள். அங்கே பதிவு முடிந்திருக்கும். இந்த மே மாதத் தேர்தலில் எனக்கும் வாக்கு இருக்காது. பரவாயில்லை. நீங்கள் எழுதாத இந்த நாட்களில் தபால்காரர் சைக்கிளை நிறுத்துகிற சத்தத்துக்கெல்லாம் மாடியிலிருந்து இறங்கி வருகிறேன். "பெரியவருகிட்டேருந்து இல்லீங்க, கரண்டு பில்லு" என்று அவரே முந்திக்கொண்டு சொல்கிறார்.

வரட்டுமா?

---

ஏப்ரல் 14

டீச்சரம்மா,

வராதே.

பயந்துவிடாமல் மேலே படி.

உன் கடிதம் வந்த அன்று ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். கிரேன் ஆபரேட்டர் பக்கத்தில் வந்து நின்றான். விசில் அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். குழாயை மூடினான், மறுபடி திறந்தான்.

"போர்மேன், அந்தப் பேப்பர்ல போட்டிருந்தது... கடைசி நாள் நிஜமாவே மாறுமா?"

"உனக்கு எதுக்குடா?"

"நானும் போட்டதில்ல. பதினெட்டு வயசுலேருந்து கேம்ப்தான். எங்கேன்னு போய்ப் போடுறது?"

"அன்னிக்குப் பெஞ்சு மேல ஏறி நின்னு சிரிச்சியே?"

"நான் சிரிக்கலேன்னா அவனுங்க என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பானுங்க."

மறுநாள் சமையல்காரர் கேட்டார். அப்புறம் வெல்டர் இரண்டு பேர். தனித்தனியாகத்தான் வந்தார்கள், யாரும் பார்க்காத நேரத்தில், ஏதோ வியாதிக்கு மருந்து கேட்கிற மாதிரி. ஒருவன் தேர்தல் நாளில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிடுவானாம். ரேடியோ சத்தம் காதில் விழக் கூடாதாம். இத்தனை வருடமாக நான் ஒருத்தன்தான் இப்படிக் கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. கல் லாரியில் தொற்றிக்கொண்டு தலைநகரத்துக்குப் போனேன். குழுத் தலைவர் வீடு எங்கே என்று விசாரித்தேன். அவர் தோட்டத்துக் குழாயை வைத்துக் கார் கழுவிக்கொண்டிருந்தார். என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, கொத்தனார் என்று நினைத்து, "பின்பக்கம் போப்பா" என்றார்.

"சட்டைக்காரன் நான்தாங்க" என்றேன்.

தண்ணீரை மூடவே மறந்துவிட்டார்.

"எங்க வீட்டம்மா சொன்னதுல ஒரு தப்பு இருக்கு. அதைச் சரி பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பார். "அது வெளுத்த சட்டை இல்லீங்க. புதுச் சட்டை. ஒவ்வொரு லீவுக்கும் அவங்க எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்க. அதை நான் வேற எதுக்கும் போடறதில்ல. மத்தபடி அவங்க சொன்னது எல்லாம் சரி. எழுதிக்குங்க."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பூட்ஸைக் கழற்றட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். கேம்ப்பில் எத்தனை பேர், எத்தனை நாளுக்கு ஒரு முறை இடம் மாறுவோம், கம்பெனி காகிதம் தவிர வேறு என்ன காட்ட முடியும், பக்கத்து அறைக்காரன் சாட்சி சொன்னால் போதுமா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உன்னை மாதிரி அழகாகச் சொல்லவில்லை.

அதனால் எதையும் எடுக்காதே. இப்போது அதை நானே சொல்லியாயிற்று. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த தடவை கேட்டுவிட்டுச் செய்.

லாரியையும் நிறுத்து. மே மாதம் நீ அங்கேயே இரு. நம் இரண்டு பேரில் ஒருத்தராவது போட வேண்டும். அதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, பிப்ரவரியில் அடித்த பத்தியை இந்தத் தடவை அடிக்காமல் எழுதுகிறேன்: படுக்கும்போது சுவர்ப் பக்கம் உனக்கு இடம் விட்டுத்தான் படுக்கிறேன். விடிந்து பார்த்தால் அந்தப் பக்கம் விரிப்பு கசங்காமல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வேலைக்குப் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு மாதம் பழகிக்கொள்கிறேன்.

உன் போர்மேன்

---

மே 18

என்னங்க,

மூன்றுக்கு இரண்டு. தலைவர் நம் பக்கம். அன்றைக்கே தந்தி மாதிரி போனில் கத்திச் சொன்னேன், நீங்கள் "ம்" என்றீர்கள். அந்த "ம்" நடுங்கியது எனக்குக் கேட்டது. உத்தரவு இப்போதுதான் கைக்கு வந்தது, விவரமாக எழுதுகிறேன்.

இனிமேல் கடைசித் தேதி தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால்தான். வீடு மாறியவர்களும் வேலைக்காக இடம் மாறுகிறவர்களும் தேர்தல் நாளன்றே சாவடிக்கு வந்து பதிந்துகொள்ளலாம். கம்பெனிக் காகிதம் வேண்டாம். எங்கே குடியிருக்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தார் ஒருவர் ஆமாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். பதிவு அலுவலருக்கு இரண்டு ஆள் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "கேட்டு வாங்கிக் குடுத்ததே நீங்கதான்மா" என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

ஆனால் இந்தத் தேர்தலுக்கு இது இல்லை. பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது. வருகிற அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலிலிருந்துதான். நேற்று நான் மட்டும் போய் வாக்களித்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும், குடையை யார் மறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் அப்படி ஒரு பொறாமை. மறைப்புக்குள் போய் நின்றதும் உடனே போட்டுவிட்டு வரத் தோன்றவில்லை. வெளியே இருந்த அலுவலர், "ஏதாவது சந்தேகமாம்மா?" என்றார். "இல்லைங்க, கொஞ்சம் நேரம் குடுங்க" என்றேன். உங்களுக்கும் சேர்த்து அங்கே நின்றேன். ஒரு வாக்குத்தான் போட முடிந்தது.

வீடு காலியாகிவிட்டது. நர்ஸ் அட்டைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக் கொடுத்தாள். தையல்காரர் என் திரைச்சீலைகளை உங்கள் ஜன்னல் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, திட்டினேன், அப்புறம் வாங்கிக்கொண்டார். நாளை விடிந்ததும் லாரி. நான் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். ரயிலில் வரச் சொல்லாதீர்கள், என் பெட்டிகளை நான்தான் காவல் காக்க வேண்டும்.

லாரி மூன்று நாள் ஊர்ந்து வரும், அதனால் இன்றே விரைவுத் தபாலில் போடுகிற இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். நான் வருவதற்குள் உங்களுக்கு ஒரு பயிற்சி. எங்கே இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், இத்தனை வருடமும் "கேம்ப்ல தங்கியிருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சாவடியில் அப்படிச் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள். கிரேன் ஆபரேட்டர் சிரித்தாலும் சிரிக்கட்டும், அவனுக்கும் இது தேவைப்படும்.

கடிதத்தை மடித்து வையுங்கள். வாசலில் போய் நில்லுங்கள். "நாங்க ரெண்டு பேரும் இங்கதான் குடியிருக்கோம்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.